வாசகர் கேள்வி–பதில்: கருவிக்குள் ஒரு வெப் சர்வர்

பம்ப் பேனல், யுபிஎஸ், ரவுட்டர், சர்வர் போர்டு என எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு சிறிய வெப் சர்வர் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பிரவுசரில் ஐபி முகவரியைத் தட்டினால் கருவியின் நிலை தெரிகிறது, அமைப்புகளை மாற்ற முடிகிறது. இத்தகைய சர்வரைக் கட்டுவது குறித்தும் அமைப்பது குறித்தும் வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பம்ப் பேனலுக்கான கட்டுப்பாட்டுக் கருவியை இஎஸ்பி32 சிப்பில் செய்திருக்கிறோம். நான்கு மீட்டர்களை மாட்பஸ் (கருவிகள் கம்பி வழியே தரவு பரிமாறும் முறை) வழியாகப் படித்து, மின்னழுத்தம், ஆம்பியர், ஓடிய நேரம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் காட்டுகிறோம். ஒருவர் திறந்தால் வருகிறது. இரண்டாவது ஆள் தன் போனில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் நாலைந்து விநாடி கழித்து வந்துவிடுகிறது. மெமரி அதிகமுள்ள சிப்புக்கு மாறினால் சரியாகுமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: சிப்பை மாற்றுவதற்கு முன் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். இந்தச் சிப்புக்கு அதன் தயாரிப்பாளரே தரும் எச்டிடிபி சர்வர் நிரலில், ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய சாக்கெட்டுகள் (இணைப்பு முனைகள்) இயல்பாக 7. பிரவுசர்களோ எச்டிடிபி 1.1-இல் ஒரு முகவரிக்குப் பெரும்பாலும் 6 இணைப்புகள் வரை திறக்கும். உங்கள் பக்கத்தில் எச்டிஎம்எல், ஸ்டைல் கோப்பு, இரண்டு ஸ்கிரிப்டுகள், நிறுவனச் சின்னம், மோட்டார் படம் என்று எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், முதல் ஆளின் போனே 6 சாக்கெட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பக்கம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகும், அடுத்த தேவைக்கு உதவும் என்று அவற்றை உடனே விடாது. இரண்டாவது ஆளுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

ஆகவே முதல் வேலையாக, கோப்புகளை எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேர்த்து, ஃபர்ம்வேர் (கருவிக்குள் எழுதப்படும் நிரல்) கட்டும்போதே ஜிஜிப் முறையில் சுருக்கி வைத்து, அது சுருக்கப்பட்டது என்பதைப் பதிலின் தலைப்பு வரியில் சொல்லி அப்படியே அனுப்புங்கள். விரிக்கும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். அடுத்து, நெடுநேரம் பயன்படாத சாக்கெட்டை மூடிவிட்டுப் புதியவரை அனுமதிக்கும் 'எல்ஆர்யு பர்ஜ்' என்ற அமைப்பு, சாதாரண எச்டிடிபி சர்வரில் அணைந்த நிலையில்தான் வரும், அதை இயக்கிவிடுங்கள். 7 என்ற எண்ணை உயர்த்துவது கடைசி வழி. சர்வர் தன் சொந்தத் தேவைக்கு மூன்று சாக்கெட்டுகளை எடுத்துக்கொள்கிறது, அடித்தள நெட்வொர்க் நிரலின் மொத்த வரம்பு இயல்பாக 10. அந்த வரம்பை உயர்த்தாமல் 7-ஐ மட்டும் உயர்த்தினால் சர்வர் தொடங்கவே மறுக்கும்.

அந்த நாலைந்து விநாடிக்குக் காரணம் வேறு. பக்கத்துக்கான கோரிக்கை வந்த பிறகு மீட்டரைப் படிக்கப் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 9600 பாட் வேகத்தில் 10 ரெஜிஸ்டர்களைக் கேட்க 8 பைட், பதிலுக்கு 25 பைட், ஆக 33 பைட்; பாரிட்டியோடு பைட்டுக்கு 11 பிட் என்று வைத்தால் 363 பிட், அதாவது சுமார் 38 மில்லிவிநாடி. எல்லா மீட்டரும் பதில் சொல்லும்வரை இது யாருக்கும் தெரியாது. ஒரு மீட்டரின் கம்பி கழன்றுவிட்டால், நீங்கள் காத்திருப்பு நேரமாக வைத்த ஒரு விநாடி முழுவதும் கழிய வேண்டும். நான்கும் பதில் தராவிட்டால் நான்கு விநாடி. இந்தச் சர்வர் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே டாஸ்க்கில் (தனியாக ஓடும் நிரல் பகுதியில்), ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கவனிக்கிறது என்பதால், அந்த நான்கு விநாடியும் மற்ற அனைவரும் வரிசையில் நிற்கிறார்கள்.

மீட்டர் படிப்பதைத் தனி டாஸ்க்காகப் பிரித்துவிடுங்கள். அது தன் போக்கில் சுற்றிச் சுற்றிப் படித்து, மதிப்பையும் படித்த நேரத்தையும் மெமரியில் எழுதி வைக்கட்டும். வெப் பக்கம் அதை மட்டும் எடுத்து, '3 விநாடிக்கு முன் எடுத்தது' என்று வயதோடு காட்டட்டும். பதில் வராத மீட்டருக்குப் பழைய மதிப்பையும் காட்டாதீர்கள், 0 என்றும் காட்டாதீர்கள். 'பதில் இல்லை' என்றே எழுதுங்கள். ஆம்பியர் 0 என்று திரையில் பார்த்துவிட்டு, மோட்டார் நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் டெர்மினலில் கை வைத்துவிடலாம். டிரை ரன் (தண்ணீரின்றி ஓடுதல்), ஓவர்லோடு பாதுகாப்பைக் கவனிக்கும் டாஸ்க்கின் முன்னுரிமை எப்போதும் வெப் சர்வரைவிட மேலே இருக்க வேண்டும். பக்கம் தாமதமாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள்; டிரிப் தாமதமானால் மோட்டார் காயில் எரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மோட்டாருக்கு உறவுக்காரத் தம்பி ஒருவர் வைஃபை போர்டு வைத்து வெப் பக்கம் செய்து கொடுத்தார். 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு பட்டன்கள். இரண்டு முறை, யாரும் அழுத்தாமலேயே, காலையில் போனைத் திறந்தவுடன் மோட்டார் ஓட ஆரம்பித்தது. போர்டில் கோளாறா? — பவானி வாசகர்

பதில்: போர்டைச் சந்தேகிப்பதற்கு முன், போனில் முகவரிப் பட்டியைப் பாருங்கள். ஐபி முகவரிக்குப் பின்னால், மோட்டாரை ஆன் செய் என்ற பொருளில் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. 'ஆன்' பட்டனை வெறும் இணைப்பாக, 'கெட்' கோரிக்கையாகச் செய்துவிட்டார். எச்டிடிபி விதிப்படி 'கெட்' என்பது பார்ப்பதற்கு மட்டுமே உரியது; அதை எத்தனை முறை கேட்டாலும் எதுவும் மாறாது என்று பிரவுசர் நம்புகிறது. நீங்கள் இரவு கடைசியாகப் பார்த்த பக்கத்தை, மெமரி பற்றாமல் போன் கைவிட்டிருக்கும். காலையில் பிரவுசரைத் திறந்ததும், அந்த முகவரியையே மறுபடி கேட்டு வாங்கியிருக்கும். பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மோட்டார் ஓடியது.

தம்பியிடம் மூன்று மாற்றங்களைச் சொல்லுங்கள். கட்டளைகள் எல்லாம் 'போஸ்ட்' கோரிக்கையாக வர வேண்டும். கட்டளையை ஏற்றதும் 303 என்ற பதிலைத் தந்து, நிலையை மட்டும் காட்டும் பக்கத்துக்கு பிரவுசரைத் திருப்பிவிட வேண்டும். அப்போது முகவரிப் பட்டியில் கட்டளை தங்காது. இரண்டாவது, பக்கத்தை அனுப்பும்போதே ஊகிக்க முடியாத ஒரு டோக்கனைச் சேர்த்து அனுப்பி, அது திரும்பி வந்தால்தான் கட்டளையை ஏற்க வேண்டும். உங்கள் போனில் திறந்திருக்கும் வேறொரு தளத்தின் பக்கம்கூட, உங்கள் வீட்டு நெட்வொர்க் முகவரிக்கு பிரவுசர் வழியே கோரிக்கை அனுப்ப முயல முடியும் என்பதால் இது தேவை.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெப் பக்கம் ரிலேயை நேரடியாக இயக்கக் கூடாது. 'ஓட்டச் சொல்லிக் கேட்கிறார்கள்' என்று குறித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். மூன்று ஃபேஸும் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, நின்று போதிய நேரம் ஆயிற்றா என்று பார்த்து முடிவெடுப்பது கட்டுப்பாட்டு நிரலின் பொறுப்பு. கரண்ட் போய் வந்தால் ஆஃப் நிலையிலேயே எழ வேண்டும். இவையெல்லாம் முடியும்வரை அந்த வைஃபை போர்டைக் கழற்றிவிட்டு பழைய ஸ்டார்ட்டரிலேயே ஓட்டுங்கள். எந்த நிலையிலும் கிணற்றில் இறங்குவதற்கு முன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, இறங்குபவரே கையோடு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: லினக்ஸ் கேட்வே ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்கிறோம். கிடைத்த பாடக்குறிப்பில் போவா என்ற சர்வரைக் கம்பைல் செய்யச் சொல்லியிருக்கிறது. மிகவும் சிறியதாக இருக்கிறது. பயன்படுத்தலாமா? அமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? — சேலம் மாணவி

பதில்: போவாவை எடுக்காதீர்கள். அதன் மேம்பாடு 2005-இலேயே நின்றுவிட்டது; பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. ஆனாலும் சிப் நிறுவனங்கள் தந்த மென்பொருள் தொகுப்புகளுக்குள் அது ஒளிந்திருந்ததால், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தொடர்ந்து பரவியது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவலை ஆராய்ந்த மைக்ரோசாஃப்ட், 2022 நவம்பரில் இந்தப் பழைய சர்வரையே பலவீனமான கண்ணியாகச் சுட்டிக்காட்டியது. இணையத்தில் வெளிப்பட்டு நிற்கும் போவா சர்வர்கள் ஒரே வாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் தென்பட்டதாகவும் சொன்னது.

இன்றும் பராமரிக்கப்படும் லைட்டிபிடி, அல்லது ஓப்பன்டபிள்யுஆர்டி (ரவுட்டர் போன்ற சிறு கருவிகளுக்கான லினக்ஸ்) மேல் கட்டுகிறீர்கள் என்றால் அதனுடன் வரும் யூஎச்டிடிபிடி, இரண்டில் ஒன்று போதும். நல்ல சர்வரைத் தேர்ந்தெடுத்தவுடன் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடவும் முடியாது. லைட்டிபிடியில் 2018-இல் 1.4.51 பதிப்பிலேயே சரிசெய்யப்பட்ட ஒரு மெமரி பிழை, அதற்குப் பாதுகாப்பு எச்சரிக்கை எண் எதுவும் கொடுக்கப்படாததால் யார் கவனத்துக்கும் வராமல், பெரிய நிறுவனங்களின் சர்வர் நிர்வாக ஃபர்ம்வேரில் அப்படியே இருந்தது 2024-இல் வெளியானது. எந்த நிரலின் எந்தப் பதிப்பைச் சேர்த்தீர்கள் என்ற பட்டியலை, ஃபர்ம்வேர் கட்டும்போதே உருவாக்கி வைக்கும் பழக்கத்தை இந்தப் புராஜெக்டிலிருந்தே தொடங்குங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, யூஎச்டிடிபிடி இயல்பாக 0.0.0.0 என்ற முகவரியில், அதாவது கருவியின் எல்லா நெட்வொர்க் வாயில்களிலும் காது கொடுக்கும். வெளியுலகைத் தடுப்பது ஃபயர்வால் மட்டுமே. உள் நெட்வொர்க் முகவரியை மட்டும் குறிப்பிட்டுவிட்டால், ஃபயர்வாலில் யாரேனும் கை வைத்தாலும் கதவு திறக்காது. ஒரே நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளின் வரம்பு 3, ஒரு ஸ்கிரிப்டுக்கான நேர வரம்பு 60 விநாடி. சின்ன போர்டுக்கு 3 சரியே. ஆனால் 60 விநாடி மிக அதிகம், நான் 10-க்குக் குறைத்துவிடுவேன்.

சிஜிஐ ஸ்கிரிப்டுகளில், அதாவது கோரிக்கை வரும்போது சர்வர் இயக்கும் தனி நிரல்களில், கூடுதல் கவனம் வேண்டும். 2017-இல் கோஅஹெட் என்ற, ஏராளமான கருவிகளில் இருக்கும் சர்வரில் வெளிப்பட்ட ஓட்டை, முகவரியில் வரும் பெயர்களைச் சோதிக்காமல் ஸ்கிரிப்டின் சூழல் மாறிகளாக மாற்றியதால் வந்தது. அனுப்புபவர் தேர்ந்தெடுத்த நிரலைக் கருவியே ஏற்றி ஓட்டும் நிலை உண்டாயிற்று. பதிவுக் கோப்புகளை ஃபிளாஷில் எழுதாமல் ரேமில் வையுங்கள். நார் ஃபிளாஷின் ஒரு பகுதியை ஏறக்குறைய ஒரு லட்சம் முறைதான் அழித்து எழுத முடியும். நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால் எழுபது நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

கேள்வி: கல்லூரி சர்வர் அறையைக் கவனித்துக்கொள்கிறேன். சர்வர் போர்டில் உள்ள பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் தனிச் சிப்) பக்கத்தை வீட்டிலிருந்து பார்க்க, ரவுட்டரில் 443 போர்ட்டைத் திறந்துவிடலாமா? கடவுச்சொல் 16 எழுத்துகள். — சென்னை வாசகர்

பதில்: திறக்க வேண்டாம். கடவுச்சொல்லே தேவைப்படாத வழி இருந்தால் 16 எழுத்துகள் உங்களைக் காப்பாற்றாது. எச்பி சர்வர்களின் ஐஎல்ஓ 4 நிர்வாகச் சிப்பில், 2.53-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் அப்படி ஒரு வழி இருந்தது. எச்டிடிபி கோரிக்கையில் 'கனெக்‌ஷன்' என்று ஒரு தலைப்பு வரி உண்டு. வழக்கமாக அதில் இணைப்பை வைத்திரு அல்லது மூடு என்ற சொல் இருக்கும். அந்தச் சொல்லை 16 பைட் இடத்தில், நீளம் பார்க்காமல் நகலெடுத்தது சர்வர். அந்த இடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 முறை எழுதி அனுப்பினால், வழிந்த எழுத்துகள் பக்கத்து மெமரியில் போய் விழுந்து, இது உள்ளிருந்தே வரும் நம்பகமான இணைப்பு என்று சர்வரை எண்ண வைத்தன. அவ்வளவுதான், நிர்வாகி உரிமையோடு புதிய பயனரைச் சேர்த்துவிடலாம்.

பிஎம்சிக்குத் தனி பிராசஸர், தனி மெமரி, தனி ஃபர்ம்வேர். சர்வர் அணைந்திருந்தாலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது விழித்திருக்கும். சர்வரை அணைக்கும், எழுப்பும், வேறு டிஸ்க் இமேஜிலிருந்து பூட் செய்ய வைக்கும். உள்ளே ஓடும் லினக்ஸோ விண்டோஸோ அதைத் தடுக்க முடியாது. ஆகவே பிஎம்சிக்கு என்று தனி விலேன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) ஒதுக்கி, விபிஎன் வழியாக மட்டும் அங்கே போய்ச் சேருங்கள்.

யுடிபி 623-ஆம் போர்ட்டில் இயங்கும் ஐபிஎம்ஐ என்ற பழைய தொலைநிர்வாகச் சேவையையும் தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். 2004-இல் வந்த ஐபிஎம்ஐ 2.0-இன் அடையாளச் சோதனை முறையில், பயனர் பெயரைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும், அவர் யாரென்று உறுதிசெய்வதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் (கணிதச் சுருக்கம்) போய்விடுகிறது. அதை எடுத்துச் சென்று சாவகாசமாக உடைக்கலாம். தரநிலையே அப்படி எழுதப்பட்டிருப்பதால் ஃபர்ம்வேர் புதுப்பித்துத் தீர்க்க முடியாது. 2015-இல் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ், அதே வேலைகளை எச்டிடிபிஎஸ் மேல் ஜேசான் வடிவில் செய்கிறது. உங்கள் போர்டில் அது இருந்தால், உங்கள் ஸ்கிரிப்டுகளை அதற்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் கருவியில் எச்டிடிபிஎஸ் வைத்தால், 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் பயமுறுத்துகிறது. வாடிக்கையாளர்கள் போன் செய்கிறார்கள். பேசாமல் எச்டிடிபியே வைத்துவிடலாமா? — திருச்சி வாசகர்

பதில்: 192.168 என்று தொடங்கும் முகவரிக்கு எந்தப் பொதுச் சான்று நிறுவனமும் சான்றிதழ் தராது. எனவே கருவி தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழைத்தான் காட்டுகிறது. பிரவுசர் எச்சரிப்பது நியாயமே. தொழிற்சாலை நெட்வொர்க்கில் பத்துப் பதினைந்து கணினிகளே இந்தப் பக்கத்தைத் திறக்கும் என்றால், அந்தத் தொழிற்சாலைக்கென்று ஒரு சொந்த ரூட் சான்றிதழை உருவாக்கி, அந்தக் கணினிகளில் மட்டும் நிறுவி, கருவிகளுக்கு அதிலிருந்து சான்றிதழ் வழங்குவதே சரியான வழி. ஒரு நாள் வேலை. கருவியின் சொந்த வைஃபையில் ஒருவர் பக்கத்தில் நின்று இணைவது மட்டுமே பயன்பாடு என்றால், கருவிக்குக் கருவி வேறுபடும் வைஃபை கடவுச்சொல்லோடு வெறும் எச்டிடிபி இருப்பதை நான் ஏற்றுக்கொள்வேன்.

இரண்டு இடங்களில் பலர் இடறுகிறார்கள். பேட்டரி இல்லாத போர்டு முதன்முறை எழும்போது அதன் கடிகாரம் 1970 ஜனவரி 1 என்று காட்டும். அந்த நொடியில் ஓராண்டுச் சான்றிதழை உருவாக்கினால் அது 1971-லேயே காலாவதியாகிவிடும். முதலில் நேரத்தை வாங்கிவிட்டுப் பிறகு உருவாக்குங்கள். மற்றது சாவி. எல்லாக் கருவிகளின் ஃபர்ம்வேரிலும் ஒரே தனிச்சாவியை வைத்து அனுப்பினால், ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர் கையில் அனைத்தின் சாவியும் இருக்கும். கருவியே தன் சாவியை உருவாக்கட்டும். ஆனால் எழுந்த கணத்திலேயே அவசரப்பட்டு அல்ல. பூட் ஆனவுடன் சீரற்ற எண்களுக்குப் போதிய ஆதாரம் இருக்காது. இதே காரணத்தால் பலவீனமான சாவிகளோடு நின்ற நெட்வொர்க் கருவிகளை 2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதும் தேடி, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் மறையாக்க முறை) சர்வர்களில் 0.5 சதவீதத்தின் தனிச்சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துக் காட்டினார்கள். இஎஸ்பி32-இல் வைஃபையோ புளூடூத்தோ இயங்கத் தொடங்கிய பிறகு சாவியை உருவாக்குங்கள். ரேடியோவின் இரைச்சல்தான் அங்கே சீரற்ற எண்களுக்கு ஊற்று.

கேள்வி: வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த பொதுக் கடவுச்சொல் ஒன்றை எல்லாக் கருவிகளிலும் வைக்கலாமா? — ஓசூர் வாசகர்

பதில்: கூடாது. சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும் தெரிந்தது ஓராண்டில் கடைவீதிக்கே தெரிந்துவிடும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த அறுபதுக்கும் சற்று அதிகமான பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மட்டுமே வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்தும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் இறுதியிலிருந்தும், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்பது சட்டப்படியே செல்லாது. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள். கருவிக்கு ஒன்றாக உருவாக்கிய கடவுச்சொல்லைப் பேனலின் உட்புறக் கதவில் ஸ்டிக்கராக ஒட்டுங்கள். உள்ளே ஒரு பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் அந்தக் கடவுச்சொல்லுக்கே திரும்பும்படி செய்யுங்கள். பேனலைத் திறக்கும் சாவி வைத்திருப்பவர்தான் உரிமையாளர்.

கேள்வி: வெப் பக்கம் வழியாகவே ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் வசதி வைத்திருக்கிறோம். பாதியில் கரண்ட் போய் மூன்று கருவிகள் செத்துவிட்டன. எப்படித் தடுப்பது? — மதுரை வாசகர்

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே புதியதை எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஃபிளாஷை இரண்டு இடங்களாகப் பிரித்து, ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றில் எழுத வேண்டும். முழுவதும் வந்து, உங்கள் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே, அடுத்த முறை எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பை மாற்ற வேண்டும். எந்த நொடியில் கரண்ட் போனாலும் பழைய நிரல் முழுமையாக இருக்கும். 4 எம்பி ஃபிளாஷில் இதற்கு இடம் போதும். போதாவிட்டால் படங்களை நீக்குங்கள், இரண்டாவது இடத்தை நீக்காதீர்கள்.

புதிய நிரல் எழுந்ததும் தன்னைத்தானே சோதித்து, 'நான் நலம்' என்று குறித்தால்தான் அது நிலைக்கும். குறிப்பதற்கு முன் மறுபடி ரீஸ்டார்ட் ஆனால் பூட்லோடர் பழையதற்குத் திரும்பிவிடும். இஎஸ்பி32-இல் இந்த வசதியை அமைப்பில் இயக்க வேண்டும். பலர் நிரலின் முதல் வரியிலேயே 'நலம்' என்று குறித்துவிடுகிறார்கள், அதனால் பயனில்லை. நெட்வொர்க் கிடைத்து, வெப் சர்வர் எழுந்து, புதுப்பிக்கும் பக்கம் பதில் தருகிறது என்று பார்த்த பிறகே குறியுங்கள். அந்தப் பக்கம் வராத ஃபர்ம்வேரைச் சரிசெய்ய, கம்பியோடு ஆள்தான் போக வேண்டும்.

இன்னொன்று. ஃபிளாஷில் எழுதும் வேளைகளில் அந்தச் சிப், ஃபிளாஷிலிருந்து ஓடும் நிரலை நிறுத்தி வைத்துவிடும். உங்கள் டிரிப் நிரல் அங்கே இருந்தால், அந்த இடைவெளிகளில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. மோட்டார் நின்றிருக்கும்போது மட்டும் புதுப்பிப்பை ஏற்குமாறு செய்துவிடுங்கள்; ஓடிக்கொண்டிருந்தால் 'மோட்டார் நின்றதும் மீண்டும் முயலவும்' என்று பக்கத்தில் ஒரு வரி காட்டினால் போதும்.